அம்மாவோட கூலி எந்தக் கணக்குல வருது?

வீடியோல சிடிசி பத்திப் பேசினதும் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "என் சம்பளம் 20,000, கைக்கு வர்றது 18,050. ஆனா கம்பெனி எனக்கு 23,000க்கு மேல செலவு பண்றதா சொல்லுது. இது எப்படி?"

கம்பெனி சொல்றது சரிதான். பேசிக் 15,000, மொத்தம் 20,000னு வெச்சுக்குங்க. கம்பெனி பங்கா பிஎஃப் 12% = 1,800, இஎஸ்ஐ 3.25% = 650, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குறது 4.81% = 721. ஆக 23,171. போனஸை நான் இதுல சேர்க்கவே இல்லை. உங்க பக்கம் பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 150 பிடிச்சதும் மிச்சம் 18,050. மாசம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னா, உங்க ஒரு மணி நேரம் கம்பெனிக்குச் சுமார் 132 ரூபாய். நீங்க டீ குடிக்கப் போற நேரமும் அதுல அடக்கம்!

ஆபீஸ்ல மணி நேரம் வரைக்கும் கணக்கு பார்க்கிறாங்க. சொந்த வீட்டு வியாபாரத்துல மட்டும் உழைப்புக்கு நாம போடுற விலை பூஜ்யம்.

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலைல இருக்கிற நெல்லிவாசல்நாட்டை எடுத்துக்குங்க. சாமை விளையிற மலை. அங்கிருந்து வந்து சென்னைலயோ ஓசூர்லயோ வேலை பார்க்கிற ஒருத்தர், வீட்டுல விளைஞ்ச சாமை அரிசியை ஆபீஸ்ல விக்கிறார்னு வைப்போம். (எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க வீட்டு எண்ணை நீங்க போட்டுப் பாருங்க.) விதை, உழவு, மில் கூலி, பஸ் லக்கேஜ் எல்லாம் சேர்த்து கையில இருந்து போன காசு 3,000. உமி நீக்கின அரிசி 90 கிலோ. கிலோ 90 ரூபாய்க்கு வித்தா வரவு 8,100. "5,100 லாபம்!"

அம்மாவும் அப்பாவும் களை எடுத்து, அறுத்து, அடிச்சு, தூத்தினது மொத்தம் 20 ஆள்-நாள். அதை எங்கேயும் எழுதலையே? நூறு நாள் வேலைல தமிழ்நாட்டுக்கு 2025-26ல நிர்ணயிச்ச கூலி நாளுக்கு 336 ரூபாய். 20 நாளுக்கு 6,720. இப்போ 5,100 லாபம், 1,620 நஷ்டமா மாறுது. வேற மாதிரி சொன்னா, அவங்க நாளுக்கு 255 ரூபாய்க்கு வேலை பார்த்திருக்காங்க. ஆபீஸ் நண்பர்களுக்கு மலிவு விலைல கிடைச்ச சாமைக்கு டிஸ்கவுண்ட் கொடுத்தது அவங்கதான்.

"அந்த நாள்ல வேற வேலையே கிடைக்காதே, அப்புறம் எதுக்கு 336?"னு கேக்கலாம். நியாயமான கேள்வி. அப்போ 200 போடுங்க, 250 போடுங்க. பூஜ்யம் மட்டும் போடாதீங்க.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மத்திய அரசு கேழ்வரகுக்கு ஆதரவு விலை அறிவிக்கும்போது குடும்ப உழைப்புக்கும் ஒரு மதிப்பு போட்டுத்தான் செலவைச் சொல்லுது. 2025-26ல அந்தச் செலவு குவிண்டாலுக்கு 3,257, ஆதரவு விலை 4,886. சொந்த நிலத்துக்கான வாடகையும் சொந்த முதலுக்கான வட்டியும் அந்தச் செலவுல வராது, அது விவசாயிகளோட நீண்ட நாள் சண்டை. சாமை அந்த ஆதரவு விலைப் பட்டியல்லயே இல்லை. அதனால விலையை நீங்கதான் போட்டாகணும்.

ஒரு எச்சரிக்கை: இது விலை வைக்கிறதுக்கான கணக்கு. தனிநபர் வியாபாரத்துல முதலாளி தனக்குத் தானே சம்பளம் எழுதி வருமான வரில கழிக்க முடியாது.

நம்ம உதாரணத்துல அடக்க விலை 9,720ஐ 90ஆல வகுத்தா கிலோவுக்கு 108. கவர், ஸ்டிக்கர், வழில சிந்துறது, ஞாயித்துக்கிழமை உக்காந்து பேக் பண்ற உங்க நேரம் எல்லாம் இதுக்கு மேல. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துட்டு வாங்க. யார், என்ன வேலை, அரை நாளா முழு நாளா. மூணே காலம் போதும்.