அடிக்கடி சுட்டால் வெற்றியா?

மாணவர்களே, கணினியில் விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்றை ஆடுகிறீர்கள். உங்கள் கப்பலில் இரண்டு லேசர் ஆயுதங்கள் உள்ளன. ஒன்று 10 வினாடிக்கு ஒரு முறை 1 கதிரைச் சுடும். மற்றொன்று 12 வினாடிக்கு ஒரு முறை 3 கதிர்களைச் சுடும். ஒவ்வோர் ஆயுதமும் தயாரானவுடன் சுட்டுவிடுவீர்களா, அல்லது காத்திருப்பீர்களா?

பெரும்பாலோர் உடனே சுடுவார்கள். காத்திருப்பது நேர விரயம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறு.

இந்த இரு ஆயுதங்களும் ‘எஃப்டிஎல்: ஃபாஸ்டர் தேன் லைட்’ என்ற விளையாட்டில் வருபவை. ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் ஆகிய இருவரின் ‘சப்செட் கேம்ஸ்’ நிறுவனம் 2012இல் இதை வெளியிட்டது. முதல் ஆயுதத்தின் பெயர் பேசிக் லேசர். இரண்டாவது பர்ஸ்ட் லேசர் 2. ஒரு கதிர் பட்டால் எதிரிக் கப்பலுக்கு 1 புள்ளி சேதம். ஆனால், கப்பலைச் சுற்றிக் கேடயம் உண்டு. கேடயத்தின் ஓர் அடுக்கு ஒரு கதிரைத் தடுத்துவிட்டு மறையும்; சில வினாடிகளில் மீண்டும் உருவாகிவிடும்.

எதிரியிடம் 2 அடுக்குக் கேடயம் இருக்கிறது என்று கொள்வோம். கணக்கை எளிதாக்க இரண்டு எடுகோள்கள்: எந்தக் கதிரும் குறி தவறாது, இரு ஆயுதங்களும் ஒரே வினாடியில் சுட்டாலன்றி, ஒவ்வொரு முறையும் கேடயம் முழுமையாக இருக்கும்.

முதலில், தயாரானவுடன் சுடுவோம். ஒரு நிமிடத்தில் பேசிக் லேசர் 6 முறை சுடும். தனியாக வரும் ஒரு கதிரைக் கேடயம் விழுங்கிவிடும், சேதம் 0. பர்ஸ்ட் லேசர் 5 முறை சுடும்; ஒவ்வொரு முறையும் 3 − 2 = 1 புள்ளி சேதம். 10, 12 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60. எனவே 60ஆவது வினாடியில் மட்டும் இரண்டும் சேர்ந்து சுடும்; அப்போது 4 − 2 = 2. மொத்தச் சேதம் 4 + 2 = 6.

இனி, பேசிக் லேசரை 2 வினாடி காக்க வைத்து, 12 வினாடிக்கு ஒரு முறை இரண்டையும் சேர்த்துச் சுடுவோம். ஒவ்வொரு முறையும் சேதம் 2. ஒரு நிமிடத்தில் 5 முறை, மொத்தம் 10. பேசிக் லேசர் ஒரு முறை குறைவாகத்தான் சுட்டது. சேதமோ 6இலிருந்து 10ஆக உயர்ந்துவிட்டது!

காரணம் என்ன? கேடயம் ஒரு தடை எல்லை. அதைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே பலன் உண்டு. பழுதாகி நிற்கும் காரை நால்வர் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளினால் அது அசையாமல் நிற்கலாம். நால்வரும் ஒரே நேரத்தில் தள்ளினால் நகரும். அங்கே தடை எல்லையாக இருப்பது நிலை உராய்வு விசை.

ஆயுதங்களை ஒப்பிடும்போதும் இதை மறக்கக் கூடாது. பர்ஸ்ட் லேசர் 3 என்ற ஆயுதம் 19 வினாடிக்கு 5 கதிர்களைச் சுடும். வினாடிக்குச் சராசரி ஏறத்தாழ 0.26. பர்ஸ்ட் லேசர் 2இன் சராசரி 0.25. இரண்டும் ஏறக்குறைய சமம் என்று சொல்லத் தோன்றும். ஆனால், எதிரிக்கு 3 அடுக்குக் கேடயம் இருந்தால் ஒன்றின் சேதம் 5 − 3 = 2; மற்றதன் சேதம் 3 − 3 = 0. சராசரி இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

அப்படியானால் பெரிய ஆயுதம்தான் எப்போதும் சிறந்ததா? இல்லை. பர்ஸ்ட் லேசர் 3க்கு 4 அலகு மின்சக்தி வேண்டும். பர்ஸ்ட் லேசர் 2க்கு 2 அலகு போதும். அதே 4 அலகில் இரண்டு பர்ஸ்ட் லேசர் 2 இயக்கினால் 12 வினாடிக்கு 6 − 3 = 3 புள்ளி சேதம் கிடைக்கும். ஆனால், ஆயுதம் பொருத்தும் இடங்கள் இரண்டு செலவாகும். ஏவுகணை கேடயத்தை ஊடுருவிச் செல்லும்; ஆனால் கையிருப்பு தீர்ந்துவிடும். ஒவ்வொரு பலத்துக்கும் ஒரு விலை வைப்பதே ஆயுதச் சமநிலை.

எங்கே அடிக்கிறோம் என்பதும் முக்கியம். கேடயத்தின் ஓர் அடுக்குக்கு 2 அலகு மின்சக்தி தேவை. எதிரியின் 2 அடுக்குக் கேடயம் 4 அலகில் இயங்குகிறது. கேடய அறையில் ஒரு கதிர் பட்டால் 3 அலகே மிஞ்சும்; அதைக் கொண்டு 1 அடுக்கு மட்டுமே இயங்கும். பழுது பார்க்கும் முன் அடுத்த 4 கதிர்கள் வந்தால் சேதம் 4 − 1 = 3. முதலில் விழும் சிறிய அடி, அடுத்த அடியைப் பெரிதாக்குகிறது.

இப்போது உங்கள் முறை. எதிரிக்கு 3 அடுக்குக் கேடயம். உங்களிடம் பர்ஸ்ட் லேசர் 2 ஒன்று, பர்ஸ்ட் லேசர் 3 ஒன்று. அதே எடுகோள்களின்படி, 228 வினாடிகளில் தயாரானவுடன் சுட்டால் எவ்வளவு சேதம்? 19 வினாடிக்கு ஒரு முறை சேர்த்துச் சுட்டால் எவ்வளவு? 228 என்ற எண் ஏன் என்பதையும் கண்டுபிடியுங்கள்.

விடை: தயாரானவுடன் சுட்டால் 27, சேர்த்துச் சுட்டால் 60. 12, 19 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 228.