வாசகர் வட்டம் தொடங்கும் மருமகளுக்கு

மருமகளே, தங்கச்சிமடத்தில் வாசகர் வட்டம் ஒன்று ஆரம்பிக்கப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். மாதம் ஒரு புத்தகம், ஞாயிறு சாயங்காலம், பத்துப் பதினைந்து பேர். கேட்டதிலிருந்து எனக்கு மனசெல்லாம் அதுதான். இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்தே என் தலை நரைத்தது. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். கூட்டத்தை நடத்துகிறவளுக்கு வேண்டிய குணம் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

1. கடலின் கணக்கைப் பார்த்து நாள் குறி. உங்கள் தீவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிப் போனவர் ஞாயிறு காலையில் கரை திரும்பி, மீனைப் போட்டுவிட்டு, தூங்கி எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். அவருக்கு உன் ஞாயிறு சாயங்காலம் சரிப்படும். நாட்டுப்படகுக்காரர்களிடம் தனியாகப் போய்க் கேள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பெரிய நாவல்களை அந்த இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள். தோதுப்படாத நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டு, ‘இந்த ஊரில் யாருக்கும் வாசிப்பே கிடையாது’ என்று சலித்துக்கொண்ட படித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீ அப்படிச் சொல்லாதே.

2. டி.வி.யில் பார்த்ததைப் பேச வந்தவரின் வாயை அடைக்காதே. இது ஒன்றை மட்டும் நீ கடைப்பிடித்தால்கூட எனக்குப் போதும்.

2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது. வீட்டுக்கு வீடு அதுதான் ஓடியது. அதற்கடுத்த நம் கூட்டத்துக்கு ஜோ டி குரூஸின் ‘கொற்கை’யை எடுத்திருந்தோம். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நாவல். வந்தவர்களில் பாதிப் பேர் முடிக்கவில்லை. பேச்சு தானாக விழாப் பக்கம் போனது. வேட்டி சட்டையில் நின்ற போட்டிச் சின்னம் ‘தம்பி’ குதிரை, லிடியன் நாதஸ்வரத்தின் பியானோ, தமிழர் வரலாற்றைச் சொன்ன கமல்ஹாசனின் குரல் என்று ஆளுக்கொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கமல் பரமக்குடியில் பிறந்தவர் அல்லவா, அந்தப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் ஓயாது. ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை. ‘புத்தகத்துக்கு வாங்க’ என்று குரலை உயர்த்தினார். சட்டென்று அமைதி.

அப்போது வாசல் ஓரத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. மாதா மாதம் வருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். மீன் விற்கிற குடும்பத்துப் பெண். ‘அந்த ஹரிகாங்கிற பிள்ளை நிறைமாசத்தோட விளையாட வந்திருக்கே, பாத்தீகளா?’ என்றார். துரோணவல்லி ஹரிகா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. இந்தியப் பெண்கள் அணிக்காக மாமல்லபுரத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நிறுத்தவில்லை. தானும் நிறைமாதத்தில் கூடை சுமந்ததைச் சொன்னார். நாற்காலி கொடுத்து, மருத்துவரைப் பக்கத்தில் நிறுத்தி ஒருத்தியை விளையாடச் சொல்லும் காலமும் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டார். அங்கிருந்து ‘கொற்கை’யில் வரும் பெண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாவலை முழுக்கப் படித்திருந்தவர் அன்று அவர் ஒருவர்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எல்லோரும் பார்த்த ஒன்றைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் கூச்சம் இருக்காது. அந்த வழியாகத்தான் சிலர் புத்தகத்துக்கு வருவார்கள். வரட்டும். நேரம் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டாதே.

3. ஒரு கேள்விக்கு ஒரு புத்தகம் கொடு, பிரசங்கம் செய்யாதே. அதே விழாவில் கமல் குரலில் கேட்ட தமிழர் வரலாற்றைப் பற்றிய பேச்சில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், ‘நம்ம சேதுபதி ராஜாக்களைப் பத்தி எதுல படிக்கலாம்?’ என்று கேட்டான். உடனே நாலைந்து பேர் போட்டி போட்டுக்கொண்டு பாஸ்கர சேதுபதி, 1893-ல் சிகாகோ போன விவேகானந்தர், 1897-ல் அவர் பாம்பனில் வந்து இறங்கியது, 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் என்று அடுக்கினார்கள். எல்லாம் உண்மைதான். பையன் முகம் வாடிவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் அவனைத் தனியே கூப்பிட்டு எஸ்.எம். கமால் எழுதிய ‘சேதுபதி மன்னர் வரலாறு’ புத்தகத்தைக் கையில் கொடுத்தார். கமாலின் உழைப்பு இந்த மாவட்டம் காலமெல்லாம் கடன்பட்ட உழைப்பு. செப்பேடுகளைத் தேடித் தேடிப் படித்து எழுதியவர். அடுத்த மாதம் அந்தப் பையன் ‘விடுதலைப் போரில் சேதுபதி மன்னர்’ இருக்கிறதா என்று கேட்டு வந்தான்.

4. படிக்காத புத்தகத்தைப் படித்ததுபோலப் பேசாதே. கூட்டம் நடத்துகிறவளே ‘இதை நான் இன்னும் படிக்கவில்லை, நீங்கள் சொல்லுங்கள்’ என்று சொன்னால் மற்றவர்களுக்கு எவ்வளவு ஆசுவாசம் தெரியுமா? பின்னட்டையைப் படித்துவிட்டு அரை மணி நேரம் பேசுகிற கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைத் திருத்தப் போகாதே. நீ அப்படி ஆகாமல் இருந்தால் சரி.

5. கைத்தொழில் தெரிந்தவரின் கண்ணுக்கு மதிப்புக் கொடு. 2024 ஜூலை 26 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா உனக்கு நினைவிருக்கும். நம் நேரத்துக்கு இரவு 11 மணி. மைதானத்தில் அணிவகுக்காமல் சேன் நதியில் படகு படகாக வீரர்கள் வந்தார்கள். மழை வேறு. பி.வி. சிந்துவும் நம் சரத் கமலும் கொடி பிடித்தார்கள். சரத்துக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக். அன்று வெள்ளிக்கிழமை. விடிந்தால் விசைப்படகுகள் கிளம்பும் நாள், இருந்தும் கண் விழித்துப் பார்த்தவர்கள் உங்கள் பக்கத்தில் இருந்தார்கள். பின்னால் ஒரு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. நாங்கள் மேலெழுந்தவாரியாக ஆடை, பாட்டு, விளக்கு என்று பேசிக்கொண்டிருந்தோம். விசைப்படகு டிரைவர் ஒருவர் மட்டும், ‘இம்புட்டுப் பேரும் கையாட்டிக்கிட்டு ஒரே பக்கமா ஒதுங்குறாக, படகு சாயாம கொண்டு போறான் பாருங்க, அவனை ஒருவாட்டி காட்டியிருக்கலாம்’ என்றார். எனக்கு அந்த விழாவைப் பற்றிய ஞாபகமே இப்போது அந்த வார்த்தைதான். ‘ஆழி சூழ் உலகு’ நாவலை எடுத்தபோது, கட்டுமரம் கவிழ்ந்து கடலில் தத்தளிக்கும் பகுதிகளை அவரையே முதலில் பேசச் சொன்னோம். நீரோட்டத்தையும் தாகத்தையும் பற்றி அவர் சொன்னதற்கு மேல் யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் புத்தகம் எடுத்தாலும், அந்த உலகத்தில் வாழ்கிறவர் யார் என்று தேடிப் போய்க் கூப்பிடு.

6. புத்தகம் எதிரில் இருக்கிறவரைக் காயப்படுத்தும் நாள் வரும். அன்று நீ ஓடிவிடக் கூடாது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-ல் வந்த நாவல். மணப்பாட்டுக் கரையில் நடக்கிற கதை. லாஞ்சுகள் வந்த பிறகு வல்லக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் மூளுகிற பகை அதில் இருக்கிறது. தன் வல்லத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத குரூஸ் மிக்கேல் இருக்கிறார். அவர் மகள் பிலோமி இருக்கிறாள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது பழைய கதை. பாக் நீரிணைக் கரையில் அது இன்றைய சங்கதி. விசைப்படகு இழுவலை அடிமண் வரை வாரிக்கொண்டு போகிறது என்பது நாட்டுப்படகுக்காரர் வருத்தம். கடன் வாங்கிப் படகு கட்டியவன் எங்கே போவான் என்பது மற்றவர் கேள்வி. நாங்கள் அந்த நாவலை எடுத்த அன்று இந்த இரண்டு பேருமே எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். குரல் ஏறியது. ஒருவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

கூட்டத்தை நடத்திய ஆசிரியை பதறவில்லை. சமாதானமும் பேசவில்லை. ‘அண்ணே, போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. பிலோமிக்கு யார் மேல கோபம் வந்தது?’ என்று கேட்டார். அவர் செருப்போடு நின்றபடியே யோசித்தார். அந்தப் பெண் யாரையும் வெறுக்க மாட்டாளே என்றார். பிறகு உட்கார்ந்தார். மீன்பிடிச் சண்டை அன்று தீரவில்லை, அது ஒரு கூட்டத்தில் தீருகிற விஷயமுமில்லை. ஆனாலும் இருவரும் அடுத்த மாதமும் வந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல உனக்கு ஆசை வரும். அடக்கிக்கொள். கதையில் வரும் மனுஷர்களிடம் பேச்சைத் திருப்பு.

7. பரிசு வாங்கியது என்பதற்காக மட்டும் ஒரு புத்தகத்தை எடுக்காதே, பரிசு வாங்கவில்லை என்று ஒதுக்கவும் செய்யாதே. மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’ 2022-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. நாம் அதைப் படித்ததற்குக் காரணம் வேறு: 1802-ல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களில் நம் சிவகங்கைச் சீமைக்காரர்களும் இருந்தார்கள். கீழக்கரையில் பிறந்த கவிஞர் இன்குலாப் மறைந்த பிறகு, 2017-ல் ‘காந்தள் நாட்கள்’ தொகுப்புக்கு அதே விருது அறிவிக்கப்பட்டது. அவர் குடும்பத்தார் அதை வேண்டாம் என்றார்கள். கவிதை அப்படியேதான் இருக்கிறது.

விளையாட்டிலும் இதைப் பார். ஹரிகா, ஹம்பி, வைஷாலி ஆடிய அந்தப் பெண்கள் அணி மாமல்லபுரத்தில் கடைசிச் சுற்று வரை முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்தோடு நின்றது. இரண்டு வருடம் கழித்து புடாபெஸ்டில் ஆண்கள், பெண்கள் இரண்டு அணிகளுக்கும் தங்கம். வெண்கலத்தன்று அவர்களைத் திட்டியவர்கள் தங்கத்தன்று பட்டாசு வெடித்தார்கள். உன் வட்டத்தில் ஒருவர் ஒரு புத்தகத்தைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால், ஏன் என்று கேள். அதற்கு எத்தனை பரிசு என்று கேட்காதே.

8. புத்தகத்தை இரவல் கொடுக்க அஞ்சாதே. கொடுத்த புத்தகம் திரும்பாது என்பார்கள். சில திரும்பாது, உண்மைதான். ஆனால் உங்கள் தீவின் வரலாற்றை நினைத்துப் பார். யுத்த காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்து முதல் சம்பளம் வாங்கிய சிறுவன் அப்துல் கலாம். அவருக்குப் படிக்கப் புத்தகம் கொடுத்தவர் அதே ஊரில் இருந்த எஸ்.டி.ஆர். மாணிக்கம். வீட்டில் புத்தகச் சேமிப்பு வைத்திருந்தார், பையனை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் கலாம் இதை நன்றியோடு சொல்கிறார். பேக்கரும்பில் கலாம் நினைவிடத்துக்குத் தினமும் எவ்வளவு கூட்டம்! மாணிக்கத்தைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நீ மாணிக்கமாக இரு, அது போதும். ஒரு நோட்டு வை, பெயரையும் தேதியையும் எழுது. திருப்பித் தராதவரைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதே. வெட்கப்பட்டவர் மறுபடி படி ஏறமாட்டார்.

9. பாய் விரிப்பதும், டீக்கு ஏற்பாடு செய்வதும், கடைசியில் பெருக்குவதும் பெண்கள் தலையில் மட்டும் விழும்படி விடாதே. முதல் நாளே முறை வைத்துவிடு. முதல் நாள் விட்டால் பிறகு மாற்ற முடியாது.

10. இனி, எந்தப் புத்தகம் என்ற கேள்வி. ‘கடல்புரத்தில்’ எடு. மேலே சொன்ன சண்டையைப் படித்துவிட்டுப் பயந்திருப்பாய். பயப்படாதே. சின்னப் புத்தகம், ஒரு வாரத்தில் யாரும் முடித்துவிடலாம். மொழியும் கடற்கரை மொழி. விசைப்படகுக்காரர் வீட்டுக்கும் போ, நாட்டுப்படகுக்காரர் வீட்டுக்கும் போ, இரண்டு வீட்டிலும் பெண்களையும் கூப்பிடு. நூலகத்தில் ஒரு பிரதிதான் இருக்கும். இன்னும் நாலு பிரதி நான் வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். நாள் முடிவானதும் எனக்கு ஒரு போன் போடு.