உடன்பிறப்பும் விளையாட்டுத் தோழரும்

மக்கட்கு அமையும் துணை இருவகைப்படும். பிறப்பால் வருவது ஒன்று. பழக்கத்தால் வருவது மற்றொன்று. உடன்பிறந்தார் முன்னையர், தோழர் பின்னையர். ஐந்து வயதுவரை வீட்டையே உலகமாகக் கொண்டிருந்த குழந்தை, பள்ளிக்கும் தெருவிற்கும் செல்லத் தொடங்கியவுடன் இவ்விரு துணையும் ஒன்றோடொன்று மாறுபடக் காண்கின்றது. வீட்டில் தங்கைக்குச் சோறூட்டிய சிறுவனே தெருவில் அவளைப் பிடித்துத் தள்ளுகின்றான். இம்மாற்றம் ஏன் நிகழ்கின்றது, இதற்கு மருந்து யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரில், மாலைப்பொழுதில் தெருக்களிற் செல்வோர் இதனைக் கண்கூடாகக் காணலாம். கோலிக்குண்டோ கிட்டிப்புள்ளோ ஆடும் சிறுவர் ஏழெட்டுப் பேர்; அவருள் ஒருவன் பின்னே அவன் தம்பியோ தங்கையோ நிற்கும். வேலைக்குச் செல்லும் தாய், "பார்த்துக்கொள்" என்று ஒப்படைத்துச் சென்ற பிள்ளை அது. "அதைப் போகச் சொல், இல்லாவிட்டால் உன்னோடு காய்" என்பர் தோழர். பெரியோர்க்கு இச்சொல் நகைப்பை விளைக்கலாம். ஏழு வயதினனுக்கோ இஃது ஊர்விலக்கிற்கு ஒப்பாகும். அவன் தங்கையை வெறுப்பவன் அல்லன், தனிமைக்கு அஞ்சுபவன். அவ்வச்சமே அவன் கையை அவள்மேல் ஓங்கச் செய்கின்றது. இவ்வேறுபாட்டை அறியாத பெற்றோர் அவனைத் தோழர் காணவே அடித்து இழுத்துச் செல்வர். அவ்வவமானத்திற்கும் தங்கையே காரணம் எனக் கருதி, மறுநாள் அவளை இன்னும் கடுமையாய் நடத்துவான்.

இவ்வச்சம் எத்துணை இளமையில் தோன்றுகின்றது என்பதை ஜெர்மனியில் ஆய்வு நிகழ்த்திய உளநூலார் இருவர் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகின்றது. நான்கு வயதுக் குழந்தைகள் நால்வர் நால்வராக அமர்ந்து படநூல்களைப் பார்த்தனர். நூல்கள் யாவும் ஒன்றே என அவர் எண்ணியிருக்க, ஒரு குழந்தையின் நூலில் மட்டும் சில படங்கள் வேறாக இருந்தன. அத்தகைய குழந்தைகள் 24 பேருள் 18 பேர், ஒரு முறையேனும் தம் கண் கண்டதை விடுத்து மற்ற மூவர் கூறியதையே கூறினர். ஆயின், பிறர் அறியாதவாறு சுட்டிக்காட்டச் செய்தபோது அவ்வாறு இணங்கியோர் தொகை குறைந்தது. எனவே, குழந்தை உண்மையை அறியாதது அன்று. பலர் முன்னிலையிற் கூற அஞ்சுகின்றது என்பது பெறப்படும்.

இதற்கு மருந்தும் ஆராய்ச்சியாற் புலப்பட்டுள்ளது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்பார், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் செய்து கல்லூரி மாணாக்கரைச் சோதித்தார். கூட்டத்தார் அனைவரும் ஒருமுகமாய்ப் பொய் கூறியபோது தடுமாறிய மாணாக்கர், உண்மை கூறும் துணைவன் ஒருவனைப் பெற்றவுடன் தவறியது முன்னதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே. கூட்டத்தை எதிர்த்து நிற்கக் கூட்டம் வேண்டுவதில்லை, ஒருவர் போதும்.

விவிலியத்து யோசேப்பின் வரலாற்றிலும் இவ்வுண்மை விளங்கும். தந்தை யாக்கோபு ஒருவனுக்கே பலவருண அங்கி அளித்தான்; ஏனையோர் நெஞ்சிற் பொறாமை மூண்டது. அவர்கள் கூடிச் சூழ்ந்தபோது மூத்தவனாகிய ரூபன் தம்பியைக் காக்கக் கருதினான். ஆயினும் அக்கருத்தை வெளிப்படையாய் உரையாமல், குழியில் இடுவோம் என்று கூறி, பின்னர் மறைவாய் மீட்க எண்ணினான். அதற்குள் தம்பி 20 வெள்ளிக்காசிற்கு விலைபோயினான். பெற்றோர் காட்டும் ஓரவஞ்சனையும், நல்லெண்ணம் உடையான் கூட்டத்திற்கு அஞ்சுதலும் சேர்ந்து இழைத்த கேடு அது.

நம் புதுக்கோட்டை நாட்டிலோ இதற்கு மாறான காட்சி ஒன்று உண்டு. 1886-இல் அங்குப் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், பின்னர் மகாராஜா கல்லூரியிற் சேர முயன்றபோது, ஆடவரோடு பெண் பயிலலாகாது என எதிர்ப்பு எழுந்தது. வீட்டில் தந்தையார் துணைநின்றார். அம்மையார் கலங்காது பயின்று மருத்துவரானார். தம் தங்கை புற்றுநோயால் மாண்ட துயரை மறவாது உழைத்து, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றச் செய்தார். ஊரார் சொல்லுக்கு அஞ்சாத உறுதியும், உடன்பிறப்பின்மேல் வைத்த அன்பும் ஒரே நெஞ்சில் வளர்ந்தன.

இனி, பெற்றோரும் மூத்தோரும் செய்யற்பாலன சில. பிள்ளையைத் தோழர் முன் கடியாது, இரவில் தனியே அழைத்து, "அவர்கள் போகச் சொன்னபோது உனக்கு எப்படி இருந்தது?" என வினவுக. அஞ்சினேன் என்று அவன் கூறின் இகழற்க; அதுவே மருந்துக்குத் தொடக்கம். தோழர்க்குக் கூறத்தக்க மறுமொழியை முன்னரே பழக்குக: "இவள் என் தங்கை, இவளும் இருப்பாள், வா, ஆடுவோம்" என்பது போன்ற சிறு சொற்றொடர் போதும். நம் சிறுவர் விளையாட்டில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்றொரு வழக்கு உண்டன்றோ? ஆடத் தெரியாத சிறுபிள்ளையை வெற்றி தோல்விக் கணக்கிற் சேர்க்காமல் ஆட்டத்திற் சேர்த்துக்கொள்ளும் அவ்வழக்கத்தை அவனுக்கு நினைவூட்டுக. தங்கையை விடாமலும் தோழரை இழவாமலும் இருக்க அது வழியாம். நாள்தோறும் அவனையே காவலாக்காது, தனியே ஆடவும் சிறிது பொழுது விடுக. "உன் தங்கையைப் பார், எவ்வளவு நல்லவள்" என்று ஒப்பிடுதலை அறவே ஒழிக்க. அவன் தோழருள் இரக்கமுடையான் ஒருவனைக் கண்டு வீட்டிற்கு அழைத்து உண்பிக்க. தெருவில் அவன் பக்கம் பேசும் ஒருவன் அவனே ஆவான்.

இது சிறுபிள்ளைகட்கு மட்டும் உரிய செய்தி என்று கருதற்க. அழுக்கேறிய வேட்டியுடன் விடுதி வாயிலில் வந்து நிற்கும் தமையனை, "ஊர்க்காரர் ஒருவர்" என்று தோழரிடம் கூறும் மாணாக்கன், அன்று தங்கையைத் தள்ளிய அச்சிறுவனே. வயது ஏறிற்று, அச்சம் நீங்கவில்லை. ஆதலின், விடுமுறையில் ஊர் செல்லும் நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுச் சிறுவன் ஒருவனுக்கு அவ்வொரு துணையாய் நிற்போமாக. தன் பக்கம் ஒருவர் உளர் என்று அறிந்த பிள்ளை, தன் தங்கையின் பக்கம் நிற்கவும் கற்றுக்கொள்ளும்.