கடை வாசலும் நம் முதல்தான்



திருப்புட்குழி 108 திவ்ய தேசங்களில் ஒன்று. விஜயராகவப் பெருமாளைச் சேவிக்க வருபவர்கள் ஜடாயு தீர்த்தத்தையும் பார்த்துவிட்டுத்தான் கடைப் பக்கம் திரும்புகிறார்கள். தீர்த்தக்கரை சுத்தமாக இருந்தால் சற்று உட்காருவார்கள், ஏதேனும் வாங்குவார்கள். நாற்றமடித்தால் நேரே வண்டி ஏறிவிடுவார்கள். நீர்நிலைக்கும் நம் கல்லாப்பெட்டிக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஜப்பானில் ஓர் ஊரே அனுபவித்துத் தெரிந்துகொண்டது. இம்மாதப் பாடம் அதுவே.

அவ்வூரின் பெயர் யானகாவா. பழைய கோட்டை நகரம். தெருவுக்குத் தெரு வாய்க்கால். படகோட்டி நீண்ட கழியால் ஊன்றித் தள்ளும் படகில் பயணிகள் மெல்லச் சுற்றி வருவார்கள். கரை இறங்கியதும் விலாங்கு மீன் சாப்பாடு. மீனைக் கரியடுப்பில் சுட்டு, குழம்பு கலந்த சோற்றின்மேல் வைத்து, பெட்டியோடு ஆவியில் வேகவைத்து, முட்டையை மெல்லிய இழைகளாக நறுக்கித் தூவித் தருகிறார்கள். மோட்டோயோஷியா என்னும் கடை 1681 முதலும், வாகமாட்சுயா என்னும் கடை 1850-கள் முதலும் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வருகின்றன.

ஆனால் குழாய்த் தண்ணீர் வந்தபின் வாய்க்காலை யாரும் மதிக்கவில்லை. சோப்புத் தண்ணீரும் குப்பையும் சேர்ந்து, கொசுவும் துர்நாற்றமும் மிகுந்தன. 1977-இல் பல வாய்க்கால்களை மூடிவிட நகராட்சி திட்டம் போட்டது. அந்தப் பொறுப்பிலிருந்த ஹிரோமாட்சு சுதாயே என்ற அலுவலரே அதை எதிர்த்து மேயரிடம் வாதாடினார். திட்டம் நின்றது. அவர் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசினார். மக்கள் இறங்கித் தூர் வாரினார்கள். இவ்வரலாறு 1987-இல் ஆவணப்படமாகவும் வந்தது.

அன்று வாய்க்கால்கள் மூடப்பட்டிருந்தால் படகு ஏது? படகில்லாத ஊருக்கு விருந்தாளி எத்தனை பேர் வருவார்கள்? சமையல் எத்தனை பக்குவமாக இருந்தாலும், பழைய கடைகளின் வியாபாரம் பாதிக்கப்பட்டிருக்கும்.

இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரியில் சுமார் பத்து நாள் மதகை அடைத்து, நீரை வடித்துச் சுத்தம் செய்கிறார்கள். வழக்கமான படகுச் சவாரி அந்நாட்களில் தடைப்படும். பத்து நாள் வரும்படி குறைந்தாலும் வருடம் முழுவதும் வியாபாரம் நிலைக்கும் என்ற கணக்கு அது.

நாம் கற்க வேண்டியவை மூன்று:

1. கடைக்குள் இருக்கும் சரக்கு மட்டும் முதல் அல்ல. வாசல், கால்வாய், குளக்கரை எல்லாமே முதல்தான்.

2. நகராட்சியோ ஊராட்சியோ பார்த்துக்கொள்ளும் என்று இருக்கக்கூடாது. அங்கே அலுவலர் ஒருவர் தொடங்கினார், முடித்தவர்கள் தெருக்காரர்கள்.

3. நம் கடையிலிருந்து போகும் பைதான் நம் கால்வாயை அடைக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கிற்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. காகிதப் பொட்டலமும் துணிப்பையும் நம் முன்னோர் பழக்கந்தானே!

மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள், அரை நாள் கடையடைத்து, உறுப்பினர் அனைவரும் அவரவர் தெருக் கால்வாயைத் தூர் வாருவோம். அந்த அரை நாள் வியாபாரம் நஷ்டக் கணக்கில் சேராது.