பைக் சாவியா, கார் சாவியா?

தமிழ்நாட்டில் இன்று பல வீடுகளில் ஒரே ஆணியில் இரண்டு சாவிகள் தொங்குகின்றன. ஒன்று பைக்குக்கு, மற்றொன்று தவணையில் வாங்கிய காருக்கு. எதை எடுப்பது என்பதை வாசலுக்கு வருவதற்குள் முடிவு செய்துவிடுகிறோம். அந்த முடிவுக்குப் பின்னால் அப்பா சொன்னது, நண்பர் சொன்னது, மெக்கானிக் சொன்னது என்று பல நம்பிக்கைகள் இருக்கின்றன. சில சரி. சில, உயிரோடு விளையாடுபவை.

2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். கார் போன்ற வாகனங்களில் போனவர்கள் எட்டில் ஒரு பங்கு. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் நம் மாநிலத்துக்குத்தான்: 64,105. தூரத்தையும் பெட்ரோல் செலவையும் மட்டும் வைத்துச் சாவியை எடுப்பது போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த எண்கள்தான். கூட யார் வருகிறார்கள், எந்த நேரம், எந்த ரோடு என்ற மூன்று கேள்விகளும் அதற்கு முன்னால் வரவேண்டும்.

“பக்கத்துலதானே போறேன், ஹெல்மெட் எதுக்கு?”

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். தூரத்துக்குக் கார், பக்கத்துக்கு பைக் என்று பிரித்துக்கொண்ட வீடுகளில் இது இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நெடுஞ்சாலைதான் கொல்லும், நம் தெரு ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறோம். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் உயிரிழப்பு அதிகம் என்பது உண்மை. நீளத்தில் அவை மொத்தச் சாலைகளில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் அதே 2022இல் இறந்தவர்களில் சுமார் 39 சதவீதம் பேர் நெடுஞ்சாலை அல்லாத மற்ற சாலைகளில் இறந்தவர்கள். நகரத் தெருக்களும் ஊராட்சிச் சாலைகளும் நாம் பால் வாங்கப் போகும் ரோடும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

‘மெதுவாத்தான் போறேன்’ என்பது அடுத்த சமாதானம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் மின்கம்பத்தில் மோதும் தலை வாங்கும் அடி, ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுந்தால் வாங்கும் அடிக்குச் சமம். இரண்டு மாடி உயரம் அது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது சாய்ந்து விழுந்தாலும் சிமென்ட் ஓரத்தில் தலை பட்டால் மண்டை உடையலாம். ஹெல்மெட் அணிவது விபத்தில் இறப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. 2022இல் ஹெல்மெட் அணியாமல் இந்தியாவில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் வண்டியை ஓட்டாதவர்கள், பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கண்டிப்பானபோது எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது என்பது பலருக்கும் நினைவிருக்கும். இன்றும் ஓட்டுபவர் தலையில் ஒன்று இருக்கும். பின்னால் இருக்கும் அம்மாவின் தலையில் முந்தானைதான். அந்த 14,337 என்ற எண்ணைக் கடந்து என்னால் போக முடியவில்லை.

நேரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விபத்துகள் அதிகம் நடப்பது நள்ளிரவில் அல்ல, மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை. ஆபீஸ் முடிந்து, டியூஷனுக்குப் பிள்ளையை விட்டு, கோயிலுக்கும் கடைக்கும் போகும் நேரம். வயதான மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் அன்று கார் சாவியை எடுப்பதில் ஆடம்பரம் எதுவும் இல்லை.

“நாலு பேருக்கும் பைக்தான் சிக்கனம்”

ஒரு 110 சிசி பைக் நகரத்துக்குள் லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் என்று வைப்போம். சிறிய பெட்ரோல் கார் 15 கி.மீ. கொடுக்கும். ஆகவே பைக்தான் மூன்று மடங்கு மலிவு என்று கணக்கு முடிந்துவிடுகிறது. தனியாகப் போகிறவருக்கு இது முழு உண்மை. ஒரே ஒருவர், ஒரு கிலோ தக்காளி வாங்க, ஒரு டன்னை நெருங்கும் எடையைக் கிளப்பிக்கொண்டு போவது எந்த வகையிலும் நியாயமில்லை. மதுரையில் மாசி வீதிகளுக்குள்ளோ சென்னையில் ரங்கநாதன் தெருப் பக்கமோ காரை எடுத்துச் சென்றவருக்கு, நிறுத்த இடம் தேடியே பாதி நேரம் போகும். அங்கெல்லாம் பைக்தான் சரி, பஸ்ஸோ ரயிலோ இன்னும் சரி.

ஆனால் நான்கு பேர் என்றால் ஒப்பிட வேண்டியது ஒரு பைக்கோடு அல்ல, இரண்டு பைக்குகளோடு. பத்து கிலோமீட்டர் போக இரண்டு பைக்குக்கும் சேர்த்து 400 மில்லி பெட்ரோல் ஆகும். காருக்கு 670 மில்லி. லிட்டர் விலை நூறு ரூபாயை ஒட்டி இருக்கும்போது வித்தியாசம் 27 ரூபாய். இப்படிச் சில பத்து ரூபாய் மிச்சத்துக்காகத்தான் டேங்க்கின் மேல் பெரிய பிள்ளை, நடுவில் சின்னது, கடைசியில் ஒருபக்கமாக உட்கார்ந்த மனைவி என்று ஒரே வண்டியில் போகிறார்கள். கார் ஷெட்டில் உறை போர்த்தி நிற்கிறது. கார் இல்லாத குடும்பத்தின் நிலைமை வேறு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கார் வைத்திருந்தும் இப்படிப் போகிறவர்களிடம்தான் பேசுகிறேன். ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே அமரலாம் என்பது மோட்டார் வாகனச் சட்டம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தையை பைக்கில் கூட்டிப்போனால் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்று 2022இல் விதி வந்தது. அந்தப் பட்டையை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறீர்கள்?

பின்னால் ஒருவரை ஏற்றும்போது இன்சூரன்ஸையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் தரப்பு பாலிசி மட்டும் எடுத்திருந்தால், பின்னால் அமர்ந்து வருபவர் அந்த மூன்றாம் தரப்பில் சேர மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்திருக்கிறது. காருக்கு முழு பாலிசியும் பைக்குக்குப் பெயருக்கு ஒன்றும் எடுக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது.

“கார்ல ஏறிட்டா கவலையில்லை”

இல்லை. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலையுயர்ந்த காரின் பின் சீட்டில். பெல்ட் போட்டிருக்கவில்லை. முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது அதைவிடக் கொடியது. மோதும் நொடியில் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஏர்பேக் விரியும்போது பெரியவரின் உடலுக்கும் பலூனுக்கும் நடுவில் குழந்தை நசுங்கும். குழந்தைக்கு இடம் பின் சீட்டு, அதற்கான இருக்கை, பெல்ட்.

மழைக்காலத்தில் இன்னொரு நம்பிக்கை தலைகாட்டும்: கார் டயர் ரப்பர், அதனால் மின்னல் தாக்காது. ரப்பர் என்றால் பைக்கும் காப்பாற்ற வேண்டுமே! மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் காற்றைப் பிளந்து வரும் மின்னலுக்கு சில அங்குல ரப்பர் ஒரு தடையே இல்லை. காரில் நம்மைக் காப்பது சுற்றியுள்ள உலோகக் கூடு. மின்சாரம் அதன் வெளிப்பரப்பு வழியாகத் தரைக்கு இறங்கிவிடுகிறது. பைக்கில் அந்தக் கூடு கிடையாது. இடி இடிக்கும்போது காருக்கு மாறுவது நல்ல முடிவு.

மழைத் தண்ணீரில் கதையே வேறு. ஓடும் தண்ணீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய காரை மிதக்க வைத்துத் தள்ளிவிடும். ரயில்வே சுரங்கப்பாதையில் நிற்கும் தண்ணீரின் ஆழம் ஓட்டுபவருக்குத் தெரியாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்படி ஒரு பாதையில் கார் மூழ்கி ஓர் உயிர் போனது. பைக்காரர் காலில் தண்ணீர் ஏறும்போதே பயந்து திரும்பிவிடுவார். காருக்குள் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கை தாமதமாகத்தான் கிடைக்கிறது.

“பைக் ஓட்டத் தெரிஞ்சவனுக்கு கார் தானா வரும்”

சட்டப்படி வராது. இரண்டும் தனித்தனி வகை. ஒன்றின் லைசென்ஸை வைத்து மற்றதை ஓட்டுவது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். ஆனால் இந்த நம்பிக்கைக்குள் ஒரு பாதி உண்மை ஒளிந்திருக்கிறது.

1981இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலிஸில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த மற்ற வாகனம் பைக்குக்கு உரிய வழியில் குறுக்கிட்டதால் நடந்தவை. ‘நான் பைக்கைப் பார்க்கவே இல்லை’ என்பதுதான் அந்த ஓட்டுநர்களின் பொதுவான பதில். அது பெரும்பாலும் பொய்யும் இல்லை. சின்ன உருவம் தூரத்தில் வருவதாகவும் மெதுவாக வருவதாகவும் கண் தவறாகக் கணிக்கும். காரின் முன்கண்ணாடி ஓரத்தில் இருக்கும் தூண் ஒரு முழு பைக்கையே மறைத்துவிடும். 2017 ஏப்ரல் முதல் புது பைக்குகளில் பகலிலும் ஹெட்லைட் தானாக எரிவது இதற்காகத்தான். இன்னமும் எதிரே வருபவர்கள் கையை விரித்து மூடிக் காட்டி ‘லைட்டை அணைங்க’ என்று அக்கறையோடு சொல்கிறார்கள். அந்த லைட் எரியட்டும்.

பைக்கும் ஓட்டத் தெரிந்த கார் ஓட்டுநர்கள், பைக்–கார் மோதல்களுக்குக் காரணமாவது மற்றவர்களைவிடக் குறைவு என்று ஐரோப்பிய விபத்துத் தரவுகளை வைத்து 2006இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களின் கண்ணுக்குத் தெரியும். ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டி வெளிப்படும் என்று முன்பே எதிர்பார்ப்பார்கள். அந்த அளவில் பைக் அனுபவம் பெரிய சொத்து.

அதே அனுபவத்தோடு சில கெட்ட பழக்கங்களும் காருக்குள் ஏறிவிடுகின்றன. முக்கால் மீட்டர் அகல வண்டியில் நுழைந்து பழகிய கண், ஒன்றேமுக்கால் மீட்டர் அகலக் காரையும் அதே சந்துக்குள் விடச் சொல்லும். இடதுபுறம் ஏறி முந்தச் சொல்லும். முன்னால் போகும் லாரியை ஒட்டிப் போகச் சொல்லும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால் அதற்குள் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடியிருக்கும்.

திரும்பி பைக்குக்கு வரும்போதும் சிக்கல் உண்டு. காரில் சாலையோர மணலைக் கவனிக்கவே தேவையில்லை. வளைவில் பிரேக்கை அழுத்தினாலும் வண்டி நிமிர்ந்தே நிற்கும். மாதக்கணக்கில் கார் மட்டும் ஓட்டியவர் அந்த மெத்தனத்தோடு பைக்கில் ஏறினால் முதல் மணல் திட்டிலேயே சறுக்குவார். கூடவே ஒரு பழைய பயமும் திரும்பி வரும்: முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கியடித்துவிடும் என்பது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால் வண்டியை நிறுத்தும் பலத்தின் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. வெடுக்கென்று இழுக்காமல், வண்டி நேராக இருக்கும்போது, இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்த வேண்டும். பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர் நிற்க அதிக தூரம் எடுப்பார், பின்சக்கரமும் பூட்டிக்கொண்டு அலையும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும்; பிடிக்காத பிரேக்கை அதனால் பிடிக்க முடியாது.

இரண்டும் ஓட்டுகிறவரிடம் ஒன்று கேட்பேன். காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கும்போது கதவை இடது கையால் திறங்கள். நம் ஊரில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம் என்பதால், இடது கையை நீட்டினால் உடல் தானாகத் திரும்பும், கண் பின்னால் வருகிற ஸ்கூட்டரைப் பார்த்துவிடும். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வலது கையால் திறக்க வேண்டும். திறந்த கார்க் கதவில் மோதி பஸ்ஸுக்கு அடியில் விழுவது எப்படியிருக்கும் என்று பைக் ஓட்டுகிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. டிரைவிங் ஸ்கூல்கள் இதை கிளட்ச்சுக்கு முன்பே சொல்லிக்கொடுக்க வேண்டும்.