தானியங்கிப் புல்வெட்டி எல்லையை அறிவது எவ்வாறு?

மின்னோட்டம் பாயும் கடத்தியைச் சூழக் காந்தப்புலம் உண்டாவதை 1820 இல் ஏர்ஸ்டெட் அவதானித்தார். ஐரோப்பிய வீட்டுத் தோட்டங்களில் ஓடும் தானியங்கிப் புல்வெட்டிகள் பல இத்தத்துவத்தைப் பயன்படுத்துகின்றன.

புற்றரையின் ஓரமாகக் கம்பியொன்றைப் பதித்து, இரு முனைகளையும் மின்னேற்றும் நிலையத்துடன் இணைப்பர். கம்பியில் மின்னோட்டம் துடிப்புகளாகவே பாயும். மாறும் காந்தப்புலம் புல்வெட்டியிலுள்ள சுருளில் மின்னியக்கவிசையைத் தூண்டும் (விடையில் பலர் எழுத மறப்பது இதனையே). கம்பியைக் கடந்ததும் புலத்தின் நிலைக்குத்துத் திசை நேர்மாறாகும், பொறி திரும்பும்.

மண்வெட்டி பட்டுக் கம்பி அறுந்தால் சுற்று திறந்து, சைகையின்றிப் பொறி நின்றுவிடும். ஆனால் எல்லைக்குள் வரும் முள்ளெலியைக் கம்பி காட்டாது. அது ஓடாமல் சுருண்டுகொள்ளும், அலகுகளால் காயமுறலாம். அது இரவில் உலாவும் விலங்காதலால் பகலில் மட்டுமே பொறியை இயக்குமாறு நேரத்தை அமைத்தல் வேண்டும்.

வினா: கம்பியில் மாறா நேரோட்டம் பாயும்போது, அசையாது நிற்கும் புல்வெட்டியின் சுருளில் மின்னியக்கவிசை தூண்டப்படுமா? காரணம் தருக.