கிராம ஆகாரமும் சுகாதார உத்தியோகஸ்தர் பயிற்சியும்

வயிறு நிரம்ப உண்பது வேறு. உடலுக்கு வேண்டிய சத்துக்களைப் பெறுவது வேறு. மூன்று வேளையும் சோறு உண்ணும் வீட்டிலும் குழந்தைக்கு மாலைக்கண் வருவதுண்டு. வறுமை மட்டும் இதற்குக் காரணமன்று. அருகிலுள்ள நல்ல பொருளை விட்டுச் சத்துக் குறைந்ததை உண்பதும் ஒரு காரணமாகும். ஆகவே, கிராமத்தில் என்ன விளைகிறது, அது யார் கலத்தில் சேர்கிறது என்பதையே சுகாதார உத்தியோகஸ்தர் முதலில் கற்கவேண்டும்.

குன்னூர் காட்டிய வழி

நீலகிரி ஜில்லாவிலுள்ள குன்னூரில் 1918-ம் வருஷம் ராபர்ட் மக்கரிஸன் என்னும் வைத்தியர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அச்சிறு ஆரம்பமே போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. 1935 முதல் அதன் தலைவராயிருந்த ஆக்ராய்ட் என்பவர், இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை 1937-ல் வெளியிட்டார். சுகாதார உத்தியோகஸ்தர்களுக்கு அங்கே பயிற்சியும் அளிக்கப்பட்டது. 1958-ல் அச்சாலை ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது.

அக்காலத்துச் சென்னை மாகாணத்தில், தெலுங்குக் கடற்கரை ஜில்லாக்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. தமிழ் ஜில்லாக்களில் அரிதாயிருந்தது. இரு பகுதியாரும் அரிசி உண்பவரே. ஆயினும் முன்னவர் உண்டது இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசி. பின்னவர் பெரும்பாலும் உண்டது புழுங்கலரிசி. நெல்லைப் புழுக்கும்போது பி1 என்னும் ஜீவசத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. நோய்க்குப் பரிகாரம் தூரதேசத்தில் இல்லை. அண்டை ஜில்லாவின் நெல் அண்டாவிலேயே இருந்தது.

பயிற்சியின் மூன்று படிகள்

1. நிறுத்தல்: வீட்டில் சமைப்பதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் சில நாட்கள் தொடர்ந்து தராசில் நிறுத்துக் குறிக்கவேண்டும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பலாகாது. உண்பவரின் வயதையும் உழைப்பையும் கணக்கிட்டு, அட்டவணையோடு ஒப்பிட்டால் குறைவு வெளிப்படும்.

2. பார்த்தல்: குழந்தையின் வெண்விழியில் நுரைபோன்ற புள்ளி, மாலைக்கண், வாயோரப் புண் ஆகியவற்றைக் கண்டறியவேண்டும். விழியில் குறி கண்டால் தாமதமின்றி வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். அசட்டையால் பார்வை முற்றும் அழியக்கூடும்.

3. மாற்றுச் சொல்லுதல்: பாலும் முட்டையும் வாங்க இயலாதவரிடம் அவற்றை மட்டும் உபதேசிப்பது பயனற்றது. அவர்க்கு எட்டும் பொருளையே காட்டவேண்டும்.

ஓர் உதாரணம்

ஒரு குடியானவர் தம் நிலத்துக் கேழ்வரகை விற்றுத் தீட்டிய அரிசி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 10 மில்லிகிராமே. வேலியோரத்தில் முருங்கை தழைத்திருக்க, வயிறு கெடுமென்று அஞ்சிக் குழந்தைக்குக் கீரை கொடுப்பதில்லை. பயிற்சி பெற்றவர் இவ்வீட்டில் கடிந்து பேசார். ஒரு வேளை கேழ்வரகுக் கூழை வீட்டுக்கே நிறுத்திக்கொள்ளச் சொல்வார். இளங்கீரையை நன்கு வேகவைத்துப் பருப்புடன் மசித்துச் சிறிது எண்ணெய் சேர்த்து ஊட்டும் விதத்தைத் தாயின் அடுப்பிலேயே செய்து காட்டுவார். கீரையிலிருந்து உடல் பெறும் ஏ ஜீவசத்து கண்ணைக் காப்பது; அது உடலில் சேர எண்ணெய் துணை புரிகிறது.

சங்கத்தின் கடமை

உத்தியோகஸ்தர் வந்து போகிறவர். சங்கமோ ஊரில் நிலைத்திருப்பது. கேழ்வரகும் பயறும் அறுவடைக் காலத்தில் வாங்கிச் சேமித்து அங்கத்தினர்க்கு நியாய விலையில் கொடுத்தல், கீரை விதையும் முருங்கைப் போத்தும் வழங்குதல், அதிகம் தீட்டாத அரிசிக்கு ஏற்பாடு செய்தல் ஆகியவை சங்கத்தால் ஆகும்.

அங்கத்தினர் ஆலோசிக்கவேண்டியவை

1. நம் ஊரில் விளைந்தும் நம் குழந்தைகள் உண்ணாத பொருள்கள் எவை?
2. அவற்றுள் சங்கம் இவ்வருஷமே சேமிக்கத்தக்கது எது?
3. ஆகாரத்தை நிறுத்துப் பார்க்க எவ்வெவ்வீட்டார் முன்வருவர்?